தாத்த தத்த: பொருளற்ற பாட்டின் பூர்வீகம்

தமிழ்த் திரையிசையைக் கண்டித்துப் பேச முற்படுவோர் எவராயினும், எந்தத் தலைமுறையைச் சேர்ந்தவராயினும், தவறாமல் முதலில் எடுத்துக்கொள்ளும் குற்றச்சாட்டு ஒன்று உண்டு: பாட்டில் அர்த்தமில்லை என்பதே அது. 1958-இல் வெளிவந்த ‘அன்பு எங்கே’ படத்தின் ‘டிங்கிரி டிங்காலே’யைக் கேட்டு முகஞ்சுளித்த தகப்பனாரின் மகன், 1994-இல் ‘காதலன்’ படத்தின் ‘முக்காலா முக்காபுலா’வைக் கேட்டுத் தலையிலடித்துக்கொண்டார், அவருடைய மகனோ 2008-இல் ‘காதலில் விழுந்தேன்’ படத்தின் ‘நாக்க முக்க’வைக் கேட்டு, தம் பிள்ளைப் பிராயத்துப் பாட்டிலாவது ஏதோ பொருள் இருந்ததே என்று அங்கலாய்த்தார். இந்தக் குற்றச்சாட்டை அப்படியே ஏற்றுத் தீர்ப்புக் கூறுமுன், பொருளற்ற ஒலிகள் நம் பாட்டுக்குள் எவ்வழியாக, என்ன காரியத்துக்காக வந்தன என்று விசாரிப்பது நியாயமாகும். விசாரித்தால், கூண்டில் நிறுத்தப்பட்டிருப்பவை நம் யாப்பு மரபின் மிகப் பழைய குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதும், கூண்டில் ஏற வேண்டியவை வேறு பாட்டுக்கள் என்பதும் புலப்படும்.

தொல்காப்பியர் இடைச்சொற்களை ஏழு வகையாகப் பகுக்கிறார். அவற்றுள் அசைநிலை என்பது ஒன்று. இசைநிறை என்பது மற்றொன்று. பொருளைச் சுமக்காமல், செய்யுளின் ஓசை குறைவுபடும் இடத்தில் வந்து நின்று அதனை நிறைவு செய்வதே இசைநிறையின் வேலை. இலக்கணம் வகுத்தவர் இவற்றைப் பிழையென்று தள்ளவில்லை; இலக்கணத்தில் ஓரிடம் கொடுத்து, பெயரும் கொடுத்து, வேற்றுமை உருபுகளோடும் உவம உருபுகளோடும் ஒரே வரிசையில் உட்கார வைத்தார். பாட்டில் வரும் ஒவ்வோர் ஒலியும் பொருள் சொல்லியே தீரவேண்டும் என்ற நிர்ப்பந்தம் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. அதே நூலின் செய்யுளியல் இருபது வண்ணங்களை எடுத்துரைக்கிறது. வல்லெழுத்து மிகுந்து வரும் பாட்டுக்கு ஒரு பெயர், மெல்லெழுத்து மிகுந்து வருவதற்கு ஒரு பெயர் என, சொல்லின் பொருளை ஒதுக்கி வைத்துவிட்டு ஒலியின் குணத்தை மட்டுமே கொண்டு பாட்டைப் பாகுபடுத்தும் சாஸ்திரம் அது.

இந்தச் சாஸ்திரம் உச்சத்தை எட்டிய இடம் திருவண்ணாமலை. ஆரணியிலிருந்து செஞ்சிக்குப் போகும் சாலையும், வந்தவாசியிலிருந்து போளூருக்குப் போகும் சாலையும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் சேத்துப்பட்டு (சென்னைப் பட்டணத்துச் சேத்துப்பட்டைச் சொல்லவில்லை, பட்டுத்தறிகளுக்கும் நெல் வியாபாரத்துக்கும் பேர்போன எங்கள் சேத்துப்பட்டைச் சொல்கிறேன்) இன்று அந்த அண்ணாமலையார் பெயரைத் தாங்கிய ஜில்லாவில்தான் இருக்கிறது. பதினைந்தாம் நூற்றாண்டில் திருவண்ணாமலையில் வாழ்ந்த அருணகிரிநாதருடைய திருப்புகழை, ஊர் ஊராக ஏடு தேடித் தொகுத்து அச்சிட்டவர் வ. த. சுப்பிரமணிய பிள்ளை, அதற்கு உரை கண்டவர் அவருடைய புதல்வர் வ. சு. செங்கல்வராய பிள்ளை. அச்சிட்ட திருப்புகழைப் புரட்டிப் பார்ப்பவர் ஒரு விசேஷத்தைக் காண்பார். பாட்டுக்கு மேலே, பாட்டைவிடச் சிறிய எழுத்தில், ‘தனதன’ என்றும் ‘தந்தன’ என்றும் ‘தத்தன’ என்றும் ஒரு வரி ஓடும். அதுவே சந்தக் குழிப்பு. பக்தர்கள் பெரும்பாலும் அதைத் தாண்டிக்கொண்டு பாட்டுக்குள் இறங்கிவிடுகிறார்கள். ஆனால் பாட்டின் எலும்புக்கூடு அந்தச் சிறிய எழுத்து வரியில்தான் இருக்கிறது; அதில் ஒரு சொல்லுக்கும் பொருள் கிடையாது.

சேத்துப்பட்டிலிருந்து செஞ்சி வழியாகப் போனால் வருவது விழுப்புரம். அதை அடுத்த திருவாமாத்தூரில் கௌமார மடம் நிறுவிய வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள் (1839–1898), அருணகிரிநாதர் நடைமுறையில் செய்து காட்டியதை ‘வண்ணத்தியல்பு’ என்னும் இலக்கண நூலாக எழுதி வைத்தார். தத்த, தாத்த, தந்த, தாந்த, தன, தான, தன்ன, தய்ய என்னும் எட்டுமே சந்தத்தின் அடிப்படை. இவற்றின் ஈறு நீண்டு தத்தா, தாத்தா என வருவனவற்றையும் சேர்த்தால் பதினாறு. குறிலை அடுத்து வல்லெழுத்து இரட்டித்தால் தத்த. நெடிலை அடுத்து இரட்டித்தால் தாத்த. மெல்லெழுத்தும் வல்லெழுத்தும் இணைந்தால் தந்த. முதலெழுத்து எதுவாயினும் கவலையில்லை. ‘பட்டு’ம் தத்தவே, ‘கற்று’ம் தத்தவே, ‘முத்து’ம் தத்தவே.

இனி, இந்த அளவுகோலை எடுத்து, கூண்டில் நிற்கும் பாட்டுக்களின் மேல் வைத்துப் பார்க்கலாம். ‘நாக்க’ என்பது தாத்த. ‘முக்க’ என்பது தத்த. ‘டிங்கிரி’ என்பது தந்தன. ‘டிங்காலே’ என்பது தந்தானா. 1956-இல் ‘அமர தீப’த்துக்காக ஜிக்கி பாடிய பாட்டின் ‘ஜிம்கானா’வும் அட்சரம் பிசகாமல் அதே தந்தானாதான். ‘முக்காலா’ தத்தானா. கேட்பவர் காதுக்குக் காட்டுத்தனமாகத் தோன்றும் இந்த ஒலிக்கூட்டங்கள், தண்டபாணி சுவாமிகளின் சூத்திரத்துக்குள் ஒரு மாத்திரையும் மிஞ்சாமல், குறையாமல் அடங்கிவிடுகின்றன. இதைச் செய்தவர்கள் வண்ணத்தியல்பைப் படித்துவிட்டுச் செய்தார்கள் என்று நான் வாதிடவில்லை. படித்திருக்க அவசியமும் இல்லை. தமிழ் நாக்கு தாளத்தோடு விளையாட ஆரம்பித்தால் எந்த வழிகளில் ஓடும் என்பதைச் சுவாமிகள் கண்டு சொன்னார். ஸ்டூடியோக்களில் அந்த நாக்கு அந்த வழிகளிலேயே ஓடியது. ‘க்க’வும் ‘ங்க’வும் ‘ண்ட’வும் இவ்வகைப் பாட்டுக்களில் இவ்வளவு அடர்ந்து கிடப்பதற்கு இதுவே காரணம். வல்லினம் இரட்டிக்கும்போது மூச்சு ஒரு கணம் அடைபட்டுப் பிறகு வெடிக்கிறது. அது தோல்வாத்தியத்தின் வேலை.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். அருணகிரிநாதர் சந்தத்தை வெறுமையாக விட்டுவிடவில்லையே, அதன் மேல் பொருளை ஏற்றினாரே என்று கேட்கலாம். வாஸ்தவம். ஆனால் அவரும் முருகன் பொருத போர்க்களத்தை வருணிக்கும் இடங்களில், பேரிகையும் உடுக்கையும் முழங்கும் ஒலியை அடி அடியாக அப்படியே எழுதிக்கொண்டு போகிறார். அவ்வடிகளுக்கு உரைகாரர் ‘இவ்வாறு ஒலிக்க’ என்று ஒரு வாக்கியம் எழுதுவதோடு நின்றுவிடுகிறார். அதே நூற்றாண்டினராகச் சொல்லப்படும் காளமேகப் புலவர் எதிர்த் திசையில் விளையாடினார்: தகர வரிசை எழுத்துக்களை மட்டும் கொண்டு, முதலில் கேட்பவருக்குச் சுத்தப் பிதற்றலாகத் தோன்றும்படியும், பதம் பிரித்தவருக்கு முழுப் பொருள் தரும்படியும் வெண்பா செய்தார். ஒலிக்கும் பொருளுக்கும் நடுவே உள்ள வரப்பில் நடந்து வேடிக்கை காட்டுவது நம் புலவர்களுக்குப் பழைய பொழுதுபோக்கு.

புலவர்களை விட்டுவிட்டு, பாட்டைக் கேட்பவர்களிடம் வருவோம். பாட்டு எங்கே கேட்கப்படுகிறது என்பதை யோசியாமல் அதன் சாஹித்யத்தை விமரிசிப்பது நம் விமரிசகர்களுக்கு வழக்கமாகிவிட்டது. சேத்துப்பட்டில் ஒரு நெசவாளர் வீட்டுக் கூடத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்து பார்த்தால் இந்த விஷயம் விளங்கும். குழியில் கால்களை இறக்கி உட்கார்ந்திருப்பவர் மிதியை அழுத்துகிறார். தலைக்கு மேலே ஜக்கார்டுப் பெட்டியில் ‘தடக்’கென்று ஓர் அட்டை திரும்பி இழைகளைத் தூக்குகிறது. நாடா பாவுக்குள் புகுந்து மறுபக்கம் போகிறது. பலகை வந்து ஊடையை அடித்து நெருக்குகிறது. மறுபடியும் மிதி, தடக், நாடா, அடி. ஒரு மூலையில் தார் சுற்றும் ராட்டை தன் சுருதியில் முனகிக்கொண்டிருக்கிறது. இத்தனைக்கும் நடுவே, மாடத்தில் வைத்த வானொலி முன்பு பாடியது. இப்போது கைப்பேசி பாடுகிறது. அந்த ஓசைக்கிடையே உவமையும் உருவகமும் தறிமேடை வரை வந்து சேருவதில்லை. வந்து சேருவது நீண்ட ‘ஆ’வும் ‘ஓ’வும், வெடிக்கும் ‘க்க’வும் ‘ட்ட’வுமே. “சொல்லெல்லாம் யாருக்குங்க கேக்குது? அடி சரியா வுழுந்தா கை தன்னால ஓடும். அடி கோணிச்சுன்னா பாட்ட மாத்திடுவோம்” என்றார் ஒரு முதியவர், நாடாவிலிருந்து கண்ணை எடுக்காமலே. இசை விமரிசனத்தில் இதைவிடக் கறாரான ஓர் அளவுகோலை நான் அதிகம் கண்டதில்லை.

வேலையோடு பிறந்த பாட்டுக்கள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ஏற்றம் இறைப்பவனும், படகு தள்ளுபவனும், நாற்று நடுபவளும் பொருளற்ற ஒரு விளியை நடுவே வைத்துக்கொண்டுதான் பாடினார்கள். பலரும் ஒரே கணத்தில் மூச்சை இழுத்து ஒரே கணத்தில் பலத்தைப் பிரயோகிக்க அந்த விளி வேண்டியிருந்தது. படித்தவர்களுக்கு மட்டும் அதைச் சும்மா விட மனம் வருவதில்லை. படகுக்காரரின் ‘ஏலேலோ’வை, திருவள்ளுவரின் சீடராகிய ஏலேலசிங்கர் என்ற வணிகரின் பெயராகக் கதை கட்டினார்கள். வடக்கே, தரானா பாடுவதில் மன்னரான உஸ்தாத் அமீர்கான், அதன் அட்சரங்கள் வெற்றொலிகள் அல்ல, பாரசீகப் பதங்களே என்று நிலைநாட்டப் பெரிதும் முயன்றார். அர்த்தமில்லாத ஒன்று இவ்வளவு அழகாக இருக்கிறதே என்ற சங்கடம் படித்தவனை என்ன பாடுபடுத்துகிறது!

எங்கள் பக்கத்து இரவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். செய்யாற்றுப் பக்கத்துப் புரிசை, கண்ணப்ப தம்பிரான் பரம்பரையினரால் உலகமறிந்த கூத்துப் பூமி. திரௌபதி அம்மன் திருவிழாக் காலத்தில் இந்த வட்டாரமெங்கும் விடிய விடியப் பாரதக் கூத்து நடக்கும். வேஷக்காரன் திரைக்குப் பின்னால் நின்றபடியே பாட ஆரம்பிப்பான். பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்கித் தாளச்சொற்களாக நீட்டுவார்கள். மத்தளமும் முகவீணையும் சேர்ந்துகொள்ளும். நடுநிசியில், துரியோதனன் சபையிலேயே நின்றுகொண்டு, கட்டியங்காரன் கோவையற்ற பேச்சும் குளறுபடிப் பாட்டுமாகச் சபையைக் கலக்குவான். சூதாட்டமும் துகிலுரிதலும் தரும் மனச்சுமையை ஜனங்கள் விடியும்வரை தாங்குவது அவனுடைய அபத்தத்தின் துணையால்தான். அங்கே ‘அர்த்தமில்லை’ என்று எழுந்து நின்று ஆட்சேபித்தவர் எவருமில்லை.

கோயில்களிலும் அப்படியே. சேத்துப்பட்டின் லூர்து அன்னை ஆலயத்துக்குச் சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்து வந்து முழந்தாளிட்ட எளிய ஜனங்கள், 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம் அந்தந்த நாட்டு மொழிகளுக்கு வழிவிடும் வரையில், லத்தீன் பூசையையே கேட்டு வந்தார்கள். பக்கத்துத் தெருவில் சமஸ்கிருத அர்ச்சனை நடந்தது. அதற்கும் பொருள் தெரிந்தவர் சிலரே. பொருள் விளங்காமை அங்கெல்லாம் பக்தியைக் குறைத்ததாகச் சொல்ல முடியாது.

சங்கீத மேடையில்தான் இந்த விவகாரம் பகிரங்கமாக வெடித்தது. 1941-இல் சிதம்பரத்தில், அண்ணாமலைச் செட்டியாரின் ஆதரவில் கூடிய மாநாட்டிலிருந்தும், 1943-இல் சென்னையில் நிறுவப்பெற்ற தமிழ் இசைச் சங்கத்திலிருந்தும் எழுந்த கேள்வி இதுதான்: விளங்காத பாஷையில் பாடுவதைக் கேட்டுத் தமிழன் எதற்காகத் தலையாட்ட வேண்டும்? கல்கியும் டி. கே. சி.யும் இந்தக் கேள்வியை உரத்துக் கேட்டார்கள். எதிர்த்தவர்கள் சொன்ன சமாதானம், நாதத்துக்குப் பாஷை ஏது என்பது. சாஹித்யத்தின் விஷயத்தில் என் மனம் கல்கியின் கட்சியில்தான் இருக்கிறது. ஆயினும், நாதமே போதும் என்று வாதிட்ட அதே ரஸிகர்கள், கச்சேரி முடிவில் தில்லானாவின் ‘தீம்’களுக்கும் ‘தனன’க்களுக்கும் உருகிவிட்டு, வீடு திரும்பும் வழியில் டீக்கடை ஒலிபெருக்கியில் அதே அட்சரங்கள் ‘டிங்கிரி’யாக வந்தபோது காதைப் பொத்திக்கொண்டார்களே, அதற்குச் சங்கீத சாஸ்திரத்தில் காரணம் தேடிப் பிரயோஜனமில்லை.

சினிமாவுக்குள் இந்த ஒலிகள் எப்படி வந்தன என்பது ஒரு தொழில் முறையின் கதை. 1931 அக்டோபரில் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும் படமான ‘காளிதாஸ்’ காலந்தொட்டே, பாட்டு என்பது பெரும்பாலும் ஏற்கனவே உள்ள ஒரு மெட்டுக்குச் சொல் அடைக்கும் வேலையாக இருந்தது. நாடக மேடையின் பார்சி மெட்டு, பிறகு இசைத்தட்டில் வந்த இந்துஸ்தானி மெட்டு, பிறகு பம்பாய்ப் படத்து மெட்டு என அது மாறிக்கொண்டு வந்ததே தவிர, முறை மாறவில்லை. ‘கர்நாடகம்’ என்ற புனைபெயரில் ஆனந்த விகடனில் ஆடல் பாடல் விமரிசனம் எழுதிய கல்கியின் கேலிக்கு இத்தகைய பாட்டுக்கள் நல்ல தீனியாயின. இசையமைப்பாளர் ஹார்மோனியத்தை வைத்துக்கொண்டு ‘தன்னன்னா தனனா’ என்று பாடிக்காட்டுவார். அதற்குத் தத்தகாரம் என்று பெயர். கவிஞர் அந்த அளவுக்குள் சொல்லை இறக்குவார். விஸ்வநாதனும் கண்ணதாசனும் எதிரெதிரே உட்கார்ந்து இந்த முறையில் செய்தவற்றுள் தமிழ் உள்ளளவும் நிற்கக் கூடியவை உண்டு. ஆகவே முறையின் மேல் பழி போடுவதற்கில்லை. சில வேளைகளில், தத்தகாரத்துக்குப் பதிலாக வாயில் வந்த ஏதோ ஒரு சொல் அகப்பட்டுக்கொண்டு, எந்தச் சொல்லை வைத்தாலும் அதன் துள்ளல் வராமல் போய், கடைசியில் அதுவே நிலைத்துவிடும். (இங்கிலாந்தின் பால் மெக்கார்ட்னி, பின்னாளில் ‘யெஸ்டர்டே’ என்று புகழ்பெற்ற பாட்டின் மெட்டுக்கு, சொல் கிடைக்கும்வரை முட்டைப் பொரியலைப் பற்றிய ஒரு வரியை இட்டுப் பாடிக்கொண்டிருந்தார். அவருக்குச் சொல் கிடைத்துவிட்டது. அந்த மெட்டுக்கு அது வேண்டியுமிருந்தது.)

இப்படி நிலைத்த பாட்டை ஜனங்கள் வாங்கிக்கொண்ட விதமும் கவனிக்கத்தக்கது. கொட்டகை வாசலில் காலணா, அரையணாவுக்கு விற்ற பாட்டுப் புத்தகம், கதையைப் பாதி சொல்லி ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று நிறுத்திவிட்டு, பாட்டுக்களை மட்டும் முழுசாக அச்சிடும். அதில் தத்துவப் பாட்டும் டிங்கிரிப் பாட்டும் ஒரே எழுத்தளவில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். அரசாங்கம் மட்டும் வித்தியாசம் பாராட்டியது. 1952-இல் தகவல் ஒலிபரப்பு மந்திரியாக வந்த பி. வி. கேஸ்கர், சினிமாப் பாட்டின் தரத்தில் அதிருப்தி கொண்டு அகில இந்திய வானொலியில் அதற்குக் கெடுபிடி விதித்தார். தயாரிப்பாளர்களோடு தகராறு மூண்டு, பாட்டுக்கள் அலைவரிசையிலிருந்து ஏறத்தாழ மறைந்தன. ஜனங்கள் சாஸ்திரீய சங்கீதத்துக்குத் திரும்பவில்லை. முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போனார்கள். அதன் அறிவிப்பாளர் மயில்வாகனத்தின் குரல் தமிழ்நாட்டுத் திண்ணைகளில் பிரசித்தமானது அக்காலத்தில்தான். 1957 அக்டோபர் 3-ஆம் தேதி விவித் பாரதியைத் தொடங்கி டில்லி சமாதானத்துக்கு வந்தது. அதே வருஷத்தில் ஹிந்தியில் ‘ஆஷா’ படத்துக்காக சி. ராம்சந்திரா செய்த ‘ஈனா மீனா டீகா’, கிஷோர் குமார் குரலில் தேசமெங்கும் பரவிக்கொண்டிருந்தது என்பதைச் சொல்லாமல் விட முடியவில்லை.

உலகத்தின் மற்றப் பாகங்களிலும் இதே கதைதான். 1955-இல் லிட்டில் ரிச்சர்ட் ‘டுட்டி ஃப்ரூட்டி’யின் தொடக்கத்தில் கத்திய கத்தல், மத்தளக்காரன் வாசிக்க வேண்டியதை வாயால் செய்தது, நம் ஜதி சொல்லும் நட்டுவனார் செய்வதும் அதுவே. 1972-இல் இத்தாலியின் அட்ரியானோ செலன்டானோ, அமெரிக்க ஆங்கிலம் போலவே காதில் விழும்படியும், ஆனால் ஏறத்தாழ எந்தச் சொல்லும் எந்த மொழியிலும் இல்லாதபடியும் ஒரு பாட்டைச் செய்து வெற்றி கண்டார். 2011 நவம்பரில் தனுஷ் எழுதிப் பாடி, அனிருத் இசையில் வந்த ‘கொலவெறி’யை இதனோடு ஒப்பிடலாம். அதில் பொருளற்ற ஒலி அதிகமில்லை. ஆங்கிலத்தைத் தமிழ் வாய் எப்படிக் கொச்சைப்படுத்துமோ அப்படிக் கொச்சைப்படுத்தியதுதான் அதன் ஹாஸ்யம். தமிழே அறியாத நாடுகளில் அது ஓடிற்று. அங்கே கேட்டவர்களுக்கு அதுவும் ஒரு ‘தந்தானா’வாகத்தான் இருந்திருக்கும்.

அப்படியானால் மோசமான பாட்டு என்று ஒன்று கிடையவே கிடையாதா? உண்டு, ஏராளமாக உண்டு. இலக்கணம் வழுவாத வாக்கியங்களில், அகராதியில் உள்ள சொற்களைக் கொண்டு, சொல்ல எதுவுமில்லாமல் எழுதப்பட்ட பாட்டே மோசமான பாட்டு. ‘நிலவே’ என்று எடுத்து, இயைபுக்காகக் ‘கனவே’ என்று தொடுத்து, நான்காம் அடி போதாமல் ‘உயிரே’ என்று முடிக்கும் காதற் பாட்டுக்களில் ஆயிரத்துக்குக் குறையாமல் எவரும் கேட்டிருப்பார். அங்கே நிலவும் கனவும் உயிரும் தம் பொருளையெல்லாம் இழந்து, இசைநிறைகளாகவே வேலை பார்க்கின்றன. இசைநிறைக்குரிய துள்ளலும் அவற்றுக்கு இல்லை. ஒரு பாட்டிலிருந்து அடியை உருவி இன்னொரு பாட்டில் வைத்தால் இரண்டுக்கும் சேதமில்லை என்றால், அவ்வடி எழுதப்பட்டிருக்க வேண்டியதில்லை. இதைவிடக் கீழான வகை, தன்னை விரும்பாத பெண்ணை வைது தீர்ப்பதையே காதலென்று பாடுவது. அதன் பொருள் நன்றாகவே விளங்குகிறது. விளங்குவதுதான் அதன் தோஷம். ‘அர்த்தமில்லை, அர்த்தமில்லை’ என்று டிங்கிரிகளைத் துரத்திக்கொண்டிருந்த நம் கண்டனக்காரர்களில் பலர், இவ்விரு வகைகளையும் சும்மா போகவிட்டுவிட்டார்கள்.

இந்த ஆராய்ச்சிக்கு ஒரு பரிசோதனைச் சாலை தேவையென்றால், தமிழ்ச் சினிமாவே அதையும் ஏற்படுத்தித் தந்திருக்கிறது. 2010-இல் வந்த ‘தமிழ்ப்படம்’, சினிமாவின் சகல சம்பிரதாயங்களையும் நையாண்டி செய்ய எடுக்கப்பட்டது. அதில், முன்னைய திரைப்பாடல்களில் ஆங்காங்கே வந்து போன பொருளற்ற சொற்களை மட்டுமே பொறுக்கிச் சேர்த்து, ‘ஓ மகசீயா’ என்று ஒரு ஜோடிப்பாட்டை ஆக்கி, ஹரிஹரனையும் ஸ்வேதா மோகனையும் கொண்டு மிகுந்த சிரத்தையோடு, மெல்லிசையாகப் பாட வைத்திருக்கிறார்கள். பரிகாசம் என்று தெரிந்தே கேட்கும் ஒரு தமிழ் ரஸிகர் என்ன செய்கிறார் என்று கவனித்தால், ஒவ்வொரு வெற்றொலி வரும்போதும் அது எந்தப் பாட்டில் வந்தது, திரையில் யார் ஆடினார்கள் என்று சொல்லிக்கொண்டே போகிறார். அகராதியில் இடமில்லாத அந்த ஒலிகளுக்கு, அவர் காதில் ஊரும் வயசும் கொட்டகையும் ஏறிவிட்டிருக்கின்றன. ‘நிலவே, கனவே, உயிரே’யைப் பொறுக்கிச் சேர்த்து ஒரு பாட்டாக்கினால், எது எங்கிருந்து வந்ததென்று அவரால் ஒன்றைக்கூடச் சொல்ல முடியாது.